ஊற்றுக்கண்ணும் உரிமையும்

தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பது பழமொழி. மலையகத்தைப் பற்றி எழுந்த நல்ல எழுத்துக்கள் பலவும் இப்பழமொழியின் மறுபக்கத்தைக் காட்டவே எழுந்தன எனலாம். கோகிலம் சுப்பையா தமது நாவலுக்குத் ‘தூரத்துப் பச்சை’ என்று பெயரிட்டு 1964ஆம் ஆண்டில் வெளியிட்டபோது, தொலைவில் நின்று பார்ப்பவனுக்குக் குளிர்ச்சியாகத் தோன்றும் அந்நிறத்தினடியில் எத்தனை பேரின் வியர்வையும் குருதியும் உறைந்து கிடக்கின்றன என்பதை அத்தலைப்பே உணர்த்திற்று. அன்றுதொட்டு இன்றுவரை கொழுந்தையும் கூலியையும் லயன் காம்பராவையும் நமது எழுத்தாளர்கள் உண்மையோடு தீட்டியுள்ளனர். ஆயின், அப்பச்சையைப் பச்சையாக வைத்திருக்கும் நீரைப் பற்றி அவர்கள் சொல்லியிருப்பது என்ன? மலையில் ஊறிக் கடலை நோக்கி ஓடும் அந்நீருக்கும், அம்மலையிலேயே பிறந்து உழைத்து மடியும் மனிதனுக்கும் உள்ள உறவு யாது?

இவ்வினாவை இன்று எழுப்புவதற்குக் காரணம் உண்டு. நீரேந்து நிலங்களைக் காத்தல், நீர்வளத்தைப் பேணல், மக்கள் பங்கேற்பு, கூட்டு முயற்சி ஆகிய சொற்கள் அரசாங்க அறிக்கைகளிலும் உலக வங்கியின் ஆவணங்களிலும் தாராளமாக வழங்குகின்றன. கதையும் கவிதையும் எழுத்து என்றால் அறிக்கையும் எழுத்தே. அதற்கும் ஆசிரியன் உண்டு, கதைமாந்தர் உண்டு, சொன்னதும் உண்டு, சொல்லாது விட்டதும் உண்டு. எனவே இவ்விருவகை எழுத்தையும் ஒரே உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது விமர்சனத்தின் கடமையாகின்றது. சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டங்களை அதற்குக் களமாகக் கொள்கிறோம்.

இக்களத்தைத் தேர்ந்ததும் வேண்டுமென்றே. மலையகம் என்றவுடன் ஹற்றனும் நுவரெலியாவும் பதுளையும் நினைவுக்கு வருமளவுக்கு இரத்தினபுரியும் கேகாலையும் நம் நினைவுக்கு வருவதில்லை. ஆனால் இலங்கையின் பேராறுகளுட் சில இங்கேதான் பிறக்கின்றன, அல்லது இவ்வழியேதான் இறங்குகின்றன. சிவனொளிபாதமலைச் சரிவிலே தோன்றும் களு கங்கை இரத்தினபுரியைச் சுற்றிக்கொண்டு களுத்துறையிற் கடலோடு கலக்கின்றது. மஸ்கெலியா ஓயாவும் கெகெல்கமு ஓயாவும் கூடிப் பிறக்கும் களனி கங்கை, கித்துல்கலை, எட்டியாந்தோட்டை வழியாக இறங்கிக் கொழும்பை அடைகின்றது. அப்பெருநகரின் குடிநீரில் மிகப் பெரும் பங்கு அம்பத்தளையில் அவ்வாற்றிலிருந்தே எடுக்கப்படுகின்றது. கிழக்கே பலாங்கொடைப் பக்கமாக வளவை கங்கை தெற்கின் வறண்ட வயல்களை நோக்கி இறங்குகின்றது. வடக்கே அரநாயக்க மலைகளின் நீரை மகா ஓயா ஏந்திச் செல்கின்றது. இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. இத்தனை நீருக்கும் நடுவே, மாசி பங்குனி மாதங்களில் லயத்துப் பெண் குடத்தைத் தூக்கிக்கொண்டு மலையேறுகின்றாள். விந்தையாகத் தோன்றும் இவ்வுண்மைக்குக் காரணம் வானத்தில் இல்லை, மண்ணிலேதான் தேடவேண்டும்.

முதலில் இலக்கியத்தைக் காண்போம். ஆற்றைப் பாடுவதிலே தமிழ் யாருக்கும் பின்னிற்பதன்று. சிலப்பதிகாரத்துக் கானல்வரி காவிரியை வாழ்த்துகின்றது. பரிபாடல் வையையைப் பாடுகின்றது. ஆனால் இவை பெரும்பாலும் சமவெளிக்கு வந்துவிட்ட ஆறுகள். வயலை ஊட்டி, நகரை அணிசெய்து, புதுப்புனலாட்டுக்கு மக்களை அழைக்கும் ஆறுகள். குறிஞ்சி நிலத்து நீர் அருவியாகக் காட்சிக்கு வரும். தலைவன் தலைவியரின் களவுக்குப் பின்னணியாகும். அதைக் காப்பது யார் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. மருதத்தான் உண்ணும் நெல்லுக்குக் குறிஞ்சியானின் காடு கொடுக்கும் விலை என்ன என்பதை அம்மரபு கேட்கவில்லை. அக்காலத்துக் கவிஞனை அதற்காகக் குறைகூறுவது பொருந்தாது. ஆனால் அம்மரபின் கண் இன்றும் நமக்குள் இருக்கின்றது என்பதை மறந்துவிடவும் கூடாது.

நவீன எழுத்து அக்கண்ணைத் திருப்பியது. புதுமைப்பித்தன் 1930களில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் கதைக்களமாக்கியபோது ‘துன்பக்கேணி’ என்று பெயர் சூட்டினார். நீர் ஊறும் கேணியே துன்பம் ஊறும் கேணிக்கு உருவகமாயிற்று. மடகும்புர தோட்டத்திலே பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து மக்களின் வாழ்வை ஆங்கிலக் கவிதையிலே தீட்டியதோடு அவர்களின் வாய்மொழிப் பாடல்களையும் தொகுத்துத் தந்தார். என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ கூடையிலுள்ள கொழுந்தின் நிறையையே கதையின் அச்சாக்கிற்று. தோட்டத்து வாழ்வின் நடுநாயகமாகத் தராசு நிற்கின்றது என்பதை இக்கதையைப் படித்த எவரும் மறக்க இயலாது.

அத்தராசைச் சற்று ஊன்றி நோக்குவோம். கூடைக்குத் தராசு உண்டு. குடத்திற்குத் தராசு இல்லை. கொழுந்து நிறுக்கப்படுகின்றது, அதிற் கழிவு வெட்டப்படுவதும் சண்டையாகின்றது, தொழிற்சங்கம் அதைப் பேசுகின்றது, இலக்கியமும் அதைப் பேசுகின்றது. பிரட்டுக்கு முன்னும் வேலைக்குப் பின்னும் பீலியிலிருந்து காம்பராவுக்கு அவள் சுமக்கும் நீரை நிறுப்பார் எவருமில்லை. மலையூற்றிலிருந்து குழாய் வழியே வடித்துவிட்ட பீலி, நம் கதைகளிலே பெண்கள் கூடிப் பேசுமிடமாக, காதல் அரும்புமிடமாக, சிறு பூசல் வெடிக்குமிடமாக வந்து போகின்றது. பீலிக்கு நீர் எங்கிருந்து வருகின்றது, அவ்வூற்றின் மேலே நின்ற காட்டை வெட்டியவர் யார், அந்நிலம் யாருடையது என்ற வினாக்களைத் தேடி, பீலிக்கு மேலே ஏறிச் சென்ற கதைகள் அரியன. உழைப்பின் கூலியைக் கேட்கக் கற்றுத்தந்த இலக்கியம், நிலத்தையும் நீரையும் கேட்கும் கட்டத்தை இனித்தான் முழுமையாக எட்டவேண்டும். இதுவே அவ்விலக்கியத்தின்மீது நமக்குள்ள மதிப்போடு கூடிய குறை.

இனி அறிக்கைகளிடம் வருவோம். உலக வங்கியின் உதவியோடு 1993இல் தொடங்கிய சமூக நீர் வழங்கல், சுகாதாரத் திட்டம் பதுளை, மாத்தறை, இரத்தினபுரி ஆகிய மூன்று மாவட்டங்களைக் களமாகக் கொண்டது. அதன் அடிப்படைக் கருத்து எளிது: மக்களே சங்கம் அமைக்க வேண்டும், செலவில் ஒரு பங்கைப் பணமாகவும் உழைப்பாகவும் அவர்களே ஏற்கவேண்டும், பின்பு திட்டத்தை அவர்களே நடத்திக் கட்டணமும் அறவிட வேண்டும். இதனை வெறும் ஏமாற்று என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. மலைச்சரிவுக் கிராமங்களில் ஊற்றைக் கட்டி, தொட்டி அமைத்து, புவியீர்ப்பு விசையினாலேயே வீடுகளுக்கு நீரை இறக்கிய சங்கங்கள் பல. தலைநகரத்துக் காரியாலயம் எட்டிப் பார்க்காத இடங்களிலே கிராமத்தவரே பொருளாளராகவும் குழாய் திருத்துபவராகவும் இருந்து அவற்றைக் காத்தனர். மக்கள் ஆளத் தகுதியற்றவர்கள் என்று இறுமாந்திருந்த அதிகாரிகளுக்கு இதைவிட நல்ல பதில் வேறில்லை.

ஆயின் இப்பங்கேற்பு தோட்டத்து எல்லையை அடைந்ததும் தடுமாறுகின்றது. காரணம் மக்களின் மனத்தில் இல்லை. கிராமத்துச் சங்கம் ஊற்றைக் கட்டும்போது, அந்நிலம் ஒருவருடையதாக இருந்தால் அவரோடு பேசலாம். பொதுவானதாக இருந்தால் பிரதேச செயலகத்தோடு பேசலாம். தோட்டத்திலோ நிலம் அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, லயன் தோட்டத்தினுடையது, உழைப்பு மாத்திரமே தொழிலாளியினுடையது. இந்நிலையில் ‘உங்கள் ஊற்றை நீங்களே காத்துக்கொள்ளுங்கள்’ என்று அவனிடம் சொல்வதன் பொருள் யாது?

இந்நிலை ஒருநாளிலே தோன்றியதன்று. உறுதிப் பத்திரமில்லாத காடும் சேனையும் முடிக்குரியவை என்று 1840ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் கொண்டது; சிங்களக் கிராமத்தவனின் பொதுநிலம் அவ்வழியே தோட்டக்காரனின் கைக்குச் சென்றது. அந்நிலத்தில் உழைக்கக் கடல்கடந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளிக்கும் அது சொந்தமாகவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவனை எண்ணிக்கையாக்கிப் பங்கிட்டது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியபோது துரையின் நிறம் மாறிற்றேயன்றி நிலத்தின்மீது தொழிலாளியின் நிலை மாறவில்லை. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. அவற்றின் குத்தகைக் காலம் 53 ஆண்டுகள். இதற்கிடையே 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டத்துக்குள்ளே சபையின் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. தொழிலாளி வாக்களித்துச் சபையை அமைக்கலாம். அச்சபை அவனது லயத்துக்கு ஒரு குழாயைப் போடுவதற்குச் சட்டம் குறுக்கே நிற்கும்! இத்தடை 2018இற்றான் திருத்தப்பட்டது. முப்பத்தோராண்டுகள் ஒரு மக்கட் கூட்டத்தை உள்ளூராட்சிக்கு வெளியே நிறுத்திவிட்டு, அவர்களிடையே கூட்டுணர்வு குறைவு என்று அறிக்கை எழுதுவது என்ன நியாயம்?

தோட்டங்களுக்கென்று கூட்டுறவு அமைக்கப்படாமலும் இல்லை. 1990களிலே தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. அச்சங்கத்தின் தலைமைப் பதவி தோட்ட முகாமையாளரிடமே இருந்தது. வேலை கொடுப்பவனும் அவன், வீட்டுக்குப் பொறுப்பாளியும் அவன், தொழிலாளர் சங்கத்தின் தலைவனும் அவன்! கூட்டுறவு என்னும் சொல்லுக்கு இதைவிடக் கசப்பான உரையை எந்த நையாண்டி எழுத்தாளனும் எழுதிவிட முடியாது. 2015இல் அங்கீகரிக்கப்பட்ட உலக வங்கியின் மற்றொரு நீர்த்திட்டம் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களையும் அவற்றின் தோட்டங்களையும் சேர்த்துக்கொண்டது முன்னேற்றமே. எனினும் குழாயும் தொட்டியும் வந்தபின்னரும் ஊற்று நிற்கும் மண் குத்தகைக்காரனிடமே இருக்கும்வரை, அவ்வூற்றின் மேலுள்ள மரத்தைக் காக்கும் அதிகாரம் குழாயைக் காப்பவனிடம் இல்லை. அண்மைக் காலத்து வீட்டுத் திட்டங்களிலே பேசப்படும் ஏழு பேர்ச் காணி ஒரு குடும்பத்துக்கு நிழல் தரும். ஓர் ஊற்றுக்கண்ணை அதில் அடக்கிவிட முடியாது.

நிலத்தை ஆள்பவன் வேறு, நிலத்தில் வாழ்பவன் வேறு என்றாகும்போது ஆற்றுக்கு நேர்வது என்ன என்பதைத் தோட்டத் தொழிலின் உள்ளமைப்பே காட்டுகின்றது. மலைச்சரிவிலே மழைநீர் மண்ணை வாரிக்கொண்டு ஓடாதபடி, குறுக்காகக் கான் வெட்டுவர். கானிலே படிந்த மண்ணை அடிக்கடி அள்ளிச் சரிவிற் போடவேண்டும். கான் வெட்டு என்பது தோட்டத்துத் தொழிலாளி தலைமுறை தலைமுறையாக அறிந்த கலை. ஆனால் கானிலிருந்து கொழுந்தும் வருவதில்லை, இறப்பர்ப் பாலும் வருவதில்லை. ஆகவே செலவைச் சுருக்க நினைக்கும் நிர்வாகம் முதலிற் கைவைப்பது கானிலேதான். கைக்களையெடுப்புக்குப் பதில் களைநாசினி வந்தால் ஆட்கூலி மிச்சம். அதன் மிச்சம் மழையோடு ஓடைக்குச் செல்லும். ஓடைக் கரையிலே விடவேண்டிய காட்டுப் பட்டிகை தேயிலைக்கு இரையாகும். சிற்றோடையை மறித்து நீரைக் குழாய்க்குள் திருப்பும் சிறு மின்னிலையங்கள் இம்மாகாணத்திலே பல எழுந்துள்ளன. அணைக்கும் மின்னிலையத்துக்கும் இடையே ஓடை கோடையில் வெறும் பாறையாகக் கிடக்கின்றது. இரத்தினபுரிப் பள்ளத்தாக்கிலே மாணிக்கக் குழிகளின் சேறு ஆற்றிற் கலக்கின்றது. இச்செயல்களில் எதிலும் லயத்து மக்களின் சம்மதம் கேட்கப்பட்டதில்லை.

ஆனால் விளைவு முதலில் அவர்களையே தேடி வருகின்றது. 2003 மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் சிதைந்தது. 2016 மே 17ஆம் நாள் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோரை விழுங்கிற்று. அதே மழையில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலே லயன் வீடுகள் மண்ணிற் புதைந்தன. முன்னது சிங்களக் கிராமம். பின்னது தமிழ்த் தொழிலாளர் குடியிருப்பு. 2017 மே மாதத்திலே மீண்டும் களு கங்கை பெருகிற்று. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் நாடெங்கும் அறுநூற்றுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டபோது மலைச்சரிவு மக்கள் பட்ட துயரம் இன்னும் ஆறவில்லை. பெருமழையைத் தோட்ட நிர்வாகம் பெய்விப்பதில்லை. இயற்கையின் பங்கை நாம் மறுக்கவில்லை. ஆயின் எந்தச் சரிவில் எவனைக் குடியிருத்துவது என்று தீர்மானித்தது மழையன்று.

மேட்டுநிலத்தைக் காக்கும் அறிவு ஆட்சியாளருக்கு இல்லாமலிருந்ததா? இருந்தது. தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கரின் அறிவுரையை ஒட்டி, 1870களிலே 5000 அடிக்கு மேற்பட்ட முடிக்குரிய காடுகளின் விற்பனை நிறுத்தப்பட்டது. கொழும்புக்கு நீர் வேண்டுமென்று 1880களிலே லபுகம நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது, அதன் நீரேந்து காடு மூடிக் காக்கப்பட்டது. நகரத்துக்கு நீர் தேவைப்பட்டால் காடு காக்கப்படும். கம்பனிக்கு நிலம் தேவைப்பட்டால் காடு அழிக்கப்படும். 5000 அடிக்குக் கீழே கிடந்த சப்பிரகமுவச் சரிவுகளுக்கு அந்த எல்லைக்கோடு துணைசெய்யவில்லை. அறிவு இருந்தது, அது யாருக்காகப் பயன்பட்டது என்பதே கேள்வி.

வேறு நாடுகளின் அனுபவம் இதனை மேலும் விளக்கும். இந்தியாவிலே சண்டிகார் நகரின் சுக்னா ஏரி 1958இல் அமைக்கப்பட்டுச் சில ஆண்டுகளிலேயே வண்டலால் தூரத் தொடங்கிற்று. மேலேயுள்ள சுகோமாஜ்ரி என்னும் சிற்றூரின் மேய்ச்சல் நிலங்களே வண்டலின் ஊற்று என்று கண்டனர். ஊராரைக் குற்றவாளிகளாக்கி வேலி போடுவதற்குப் பதிலாக, 1970களில் அங்கே மண்ணணைகள் கட்டப்பட்டன. தேங்கிய நீரிலே, நிலமுள்ளவன் நிலமற்றவன் என்ற பேதமின்றி ஒவ்வொரு குடும்பத்துக்கும் சமபங்கு என்று ஏற்பாடாயிற்று. பங்கு கிடைத்ததும் ஊராரே மலையில் மேய்ச்சலை நிறுத்தினர். நியூயார்க் மாநகரம் 1997இலே தனது நீர் பிறக்கும் கட்ஸ்கில் மலைப்பகுதி மக்களோடு உடன்படிக்கை செய்து, அவர்களின் பண்ணைகளிலே நீரைக் காக்கும் வேலைகளுக்குத் தானே பணம் கொடுக்க ஒப்பியது. நகரத்தின் கருணையால் விளைந்ததன்று இது. மலையிலிருந்தவர்களுக்கு நிலம் இருந்தது, வாக்கு இருந்தது, உள்ளூராட்சி இருந்தது; ஆகவே நகரம் அவர்களோடு பேசவேண்டியதாயிற்று. இவ்விரு உதாரணங்களிலும் நாம் காணும் உண்மை ஒன்றே: பங்கு முந்தியது, பங்கேற்பு பிந்தியது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். நிலவுரிமை கிடைக்கும்வரை ஊற்றைத் தூர்க்கவிட்டுக் கைகட்டி நிற்பதா? ஓடையில் குப்பை கொட்டுவதும் அதன் கரையை அசுத்தம் செய்வதும் லயத்து மக்களும்தானே? இந்த ஆட்சேபத்தில் உண்மை உண்டு. கோடை இன்றே வருகின்றது. குழந்தையின் வயிற்றுப்போக்குச் சட்டத் திருத்தத்துக்காகக் காத்திராது. ஊற்றைத் துப்புரவாக்குவதும் கரையிலே மரம் நடுவதும் இன்றே செய்யவேண்டியவை. ஆனால் அவ்வேலை எந்தப் பெயரிலே நடக்கின்றது என்பது முக்கியம். சிரமதானம் அழகிய சொல். உழைப்பைத் தவிர வேறொன்றும் இல்லாதவனிடம் அதையும் தானமாகக் கேட்பதும், நிலமும் இலாபமும் உள்ளவனிடம் எதையும் கேளாதிருப்பதும் அழகன்று. லயத்தார் ஊற்றைக் கட்டினால் அந்த உழைப்பு கணக்கேட்டில் எழுதப்படவேண்டும். அவ்வுழைப்பின் அடிப்படையிலே ஊற்றையும் அதைச் சூழ்ந்த காட்டுத் துண்டையும் குத்தகையிலிருந்து பிரித்துச் சங்கத்தின் பொறுப்பில் விடும்படி கோரவேண்டும். கான் வெட்டும் காட்டுக்காப்பும் பெயர்போட்டுக் கூலி பெறும் வேலைகளாக வேண்டும். கீழே குடிக்கும் நகரம் மேலே காக்கும் கைக்கு ஒரு பங்கு செலுத்தவேண்டும். சங்கத்தின் தலைமை முகாமையாளரிடமிருந்து நீங்கி, குடத்தைச் சுமக்கும் பெண்களிடம் வரவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. சப்பிரகமுவவிலே தோட்டத்துத் தமிழர் சிங்களக் கிராமங்களின் நடுவே சிதறி வாழும் சிறுபான்மையினர். 1977, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் மலையகத்துக் குடும்பங்கள் பலவற்றை வன்னிக்கு விரட்டின. அவ்வச்சத்தின் நிழல் முற்றாக நீங்கிவிடவில்லை. ஆனால் நீர் இனம் பார்த்து ஓடுவதில்லை. லயத்துக்கு மேலே ஊறும் ஓடை கிராமத்து வயலிலே பாய்கின்றது. தோட்டத்துக் கானிலே தேங்காத மண் கிராமத்தவனின் வயலை மூடுகின்றது. அணைக்கட்டையும் வாய்க்காலையும் கூடிப் பேணும் பழக்கமும், ‘அத்தம்’ என்னும் மாற்றுழைப்பு மரபும் சிங்கள விவசாயியிடம் உண்டு. கான் வெட்டும் கலை தமிழ்த் தொழிலாளியிடம் உண்டு. காட்டைப் பறிகொடுத்தவனும் காட்டை வெட்டக் கொண்டுவரப்பட்டவனும் ஒரே வரலாற்றின் இரு பலிகள். ஓடையின் மேற்கரையும் கீழ்க்கரையும் ஒரே சங்கத்தில் அமர்ந்து, இரு மொழியிலும் ஒரே கணக்கேட்டை எழுதுமாயின், எத்தனையோ மேடைப் பேச்சுக்கள் செய்ய இயலாத ஒற்றுமையை அது செய்யும்.

ஆகவே கதைக்கும் அறிக்கைக்கும் நாம் வைக்கும் உரைகல் இதுவே: ஊற்று யாருடையது என்று இவ்வெழுத்து கேட்கின்றதா? கேளாத அறிக்கை, எத்தனை முறை ‘மக்கள்’ என்று எழுதினாலும், மக்களின் உழைப்பை இலவசமாகப் பெறும் பத்திரமேயாகும். கேளாத கதை, எத்தனை கண்ணீர் வடித்தாலும், பீலியடியிலேயே நின்றுவிட்ட கதையாகும்.

இப்பகுதியின் பாடசாலைகளிலே கற்பிக்கும் ஆசிரியர்களும் கற்கும் மாணவர்களும் இவ்வேலையை நாளையே தொடங்கலாம். தத்தம் தோட்டத்திலும் அடுத்த கிராமத்திலும் உள்ள ஊற்றுக்களை நடந்து சென்று எண்ணுங்கள். எந்த மாதத்தில் எது வற்றுகின்றது, எந்த நிலத்தில் எது நிற்கின்றது, யார் சுமக்கின்றனர், எத்தனை தூரம் என்பவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிவையுங்கள். சிவனொளிபாதமலைச் சரிவிலிருந்து கடல்வரைக்கும் களு கங்கையின் வழியை மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். தமது லயத்துப் பீலியிலிருந்து அக்கங்கை வரைக்கும் உள்ள வழியையும் அவர்கள் வரையட்டும். அப்படத்திலே ஊற்றின் பக்கத்தில் உடைமையாளரின் பெயரை எழுதவேண்டிய இடம் வரும். அங்கே யாருடைய பெயரை எழுதுவது என்று மாணவன் கேட்கும்போது, ஆசிரியர் அக்கேள்வியை அடக்கிவிடாமல் வகுப்பின் முன் வைப்பாராக.